2010 கானா – உருகுவே: அந்தக் கைக்கு ஒரு பெனால்டி போதுமா?

நள்ளிரவு ரசிகன்:

நேற்று தூக்கம் வரவில்லை. பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துப் போட்டேன். 2010 ஜூலை 2, ஜோஹன்னஸ்பர்க், சாக்கர் சிட்டி. கானாவுக்கும் உருகுவேக்கும் காலிறுதி. நம் ஊர் நேரத்துக்கு நடுராத்திரி 12 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது. அன்று சாயங்கால ஆட்டத்தில் நெதர்லாந்திடம் பிரேசில் 2-1 என்று தோற்றிருந்தது. எங்கள் தெருவின் மஞ்சள் சட்டைக்காரர்கள் எல்லாரும் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் கானாவுக்காக உட்கார்ந்திருந்தோம்.

ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை. ஆறு ஆப்பிரிக்க அணிகள் ஆடின, ஐந்து முதல் சுற்றோடு கிளம்பிவிட்டன. மிஞ்சியது கானா மட்டும். அதற்கு முன் காலிறுதியைத் தொட்ட ஆப்பிரிக்க அணிகள் இரண்டுதான். 1990-ல் கேமரூன், 2002-ல் செனகல். இரண்டும் எக்ஸ்ட்ரா டைம் வரை போய்த்தான் விழுந்தன. அதனால் தென்னாப்பிரிக்க ரசிகர்கள் 'பஃபானா பஃபானா' என்ற தங்கள் அணியின் பெயரையே 'பகானா பகானா' என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். அரங்கில் 84,000 பேர். வுவுசெலா ஊதுகுழல் சத்தத்தில் வர்ணனையாளர் பேசுவதே கேட்கவில்லை.

முதல் பாதி முடியும் நேரத்தில் கானாவின் முன்டாரி வெகு தொலைவிலிருந்து அடித்தார், கோல். இரண்டாம் பாதியில் உருகுவேயின் ஃபோர்லான் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். 1-1. 120 நிமிடமும் ஓடி முடிந்த பிறகு கானாவுக்கு வலப்பக்கம் ஒரு ஃப்ரீ கிக். பந்து உள்ளே வருகிறது, உருகுவே கோல்கீப்பர் முஸ்லேரா முன்னால் வந்து தவறவிடுகிறார். அப்பியா உதைத்த பந்து கோட்டில் நின்ற உருகுவே வீரர் சுவாரெஸின் காலில் பட்டுத் திரும்புகிறது. அதை அடியா தலையால் முட்டுகிறார். கோட்டின்மேல் நிற்கும் சுவாரெஸ் வாலிபால் ஆடுவதுபோல் இரண்டு கையையும் தூக்கித் தட்டிவிடுகிறார்.

சிவப்பு அட்டை, பெனால்டி. கானாவின் கியான் உதைத்தது குறுக்குக் கம்பத்தின் மேல் பட்டு வெளியே போனது. சட்டையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வெளியேறிய சுவாரெஸ், சுரங்க வழி வாசலில் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டிக் குதித்தார். ஆட்டம் சமனில் முடிந்து, இரு அணியும் மாறிமாறிப் பெனால்டி உதைக்கும் ஷூட் அவுட்டில் உருகுவே 4-2. கானா வெளியே.

சுவாரெஸ் நல்லவரா கெட்டவரா என்று கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. அந்தப் பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. முஸ்லேரா பின்னால் இல்லை, வேறு எதுவும் அதைத் தடுத்திருக்காது. அதற்கு ஈடாகக் கானாவுக்குக் கிடைத்தது ஒரு வாய்ப்பு. கையில் இருக்கும் நூறு ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு லாட்டரிச் சீட்டைக் கொடுப்பது என்ன நியாயம்? கோலையே கொடுத்திருக்க வேண்டும். 15 வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த விதியை யாரும் தொடவில்லை என்பதுதான் என் கோபம்.

*

இடதுகால்:

அண்ணே, நானும் அன்று கானா பக்கம்தான். ஆனால் நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. விதி என்ன சொன்னது? கோலைக் கையால் தடுத்தால் ஆள் வெளியே, எதிரணிக்குப் பெனால்டி. இரண்டும் நடந்தது. போர்ச்சுகல் நடுவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. 1986-ல் கையால் தட்டிக் கோல் போட்ட மரடோனாவின் கை மாதிரி இது நடுவரை ஏமாற்றிய கை இல்லை. எல்லார் கண்ணெதிரேயும் செய்தார், தண்டனையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆட்டம் அரையிறுதி, அதில் ஆட முடியவில்லை. உருகுவே நெதர்லாந்திடம் 3-2 என்று தோற்றது. சுவாரெஸ் இருந்திருந்தால் கதையே மாறியிருக்கலாம். விலை கொடுத்துத்தான் வாங்கினார்.

கோட்டில் நிற்பவன் கானாக்காரனாக இருந்தாலும் கை மேலே போயிருக்கும். இன்னொரு உருகுவே வீரர் ஃபூசிலேவின் கையைப் பாருங்கள். சுவாரெஸுக்குப் பக்கத்தில் நின்று அவரும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார், எட்டவில்லை, அவ்வளவுதான்.

*

மழைநாள் மைதானம்:

கையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்த ஆளின் பல்லை மறந்துவிட்டீர்களே! 2010-ல் பக்கால், 2013-ல் இவானோவிச், 2014-ல் கியெல்லினி. மூன்று பேரைக் கடித்தவர். கியெல்லினியைக் கடித்த பிறகு தன் பல்லைப் பிடித்துக்கொண்டு தனக்கு அடிபட்ட மாதிரி உட்கார்ந்தாரே, அதை என்னால் மன்னிக்கவே முடியாது. அந்தக் கடிக்கு ஒன்பது சர்வதேச ஆட்டங்கள் தடை, நான்கு மாதம் கால்பந்துப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். இந்த ஆளுக்கு 'விலை கொடுத்தார்' என்று தியாகிப் பட்டம் கட்டாதீர்கள் தம்பி.

*

இடதுகால்:

தியாகி என்று நான் சொல்லவே இல்லை. கடித்தது அசிங்கம், அதில் எனக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அது வேறு வழக்கு. 2010-ல் அவர் யாரையும் காயப்படுத்தவில்லை.

*

சுழல்பந்து:

கிரிக்கெட்காரன் உள்ளே வரலாமா? 2019 ஐபிஎல்-ல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் பந்துவீசும் முனையில் பட்லரை ரன் அவுட் செய்தபோது இதே சண்டைதான். 'விதியில் இருக்கிறது' என்று ஒரு கூட்டம், 'இது ஆட்டத்துக்கு அழகில்லை' என்று ஒரு கூட்டம். நான் அன்று அஸ்வின் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். 2022-ல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அந்த விதியை நியாயமற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதியில் வைத்துவிட்டது. அஸ்வின் சொன்னதுதான் சரி என்று ஆனது.

அப்படிப் பார்த்தால் நான் சுவாரெஸ் பக்கம் நிற்க வேண்டும் இல்லையா? நிற்க முடியவில்லை. ஏன் என்று நேற்று பூராவும் யோசித்தேன். அஸ்வின் செய்தது விதி அனுமதித்த காரியம். கோட்டை விட்டு முன்னால் போய் ரன் திருடியவர் பட்லர், பிடித்தவர் அஸ்வின். சுவாரெஸ் செய்தது விதி தடுத்த காரியம். 'தண்டனையை அனுபவித்துவிட்டேன்' என்பதும் 'தப்பே செய்யவில்லை' என்பதும் ஒன்றாகுமா? பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்து அபராதம் கட்டியவர், நான் டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன் என்று சொல்ல முடியாதே.

*

நள்ளிரவு ரசிகன்:

சுழல்பந்து, பஸ் உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அபராதம் டிக்கெட் விலையைவிடக் குறைவாக இருந்தால் யார் டிக்கெட் எடுப்பார்கள்? 120-ஆவது நிமிடத்தில் ஓர் ஆளை இழப்பதால் உருகுவேக்கு நட்டமே இல்லை. உதைக்க ஒரே ஒரு பெனால்டி, அப்புறம் விசில். பத்துப் பேரை வைத்து ஓர் அரை நிமிடம்கூட ஆட வேண்டியிருக்கவில்லை. இதே ஹேண்ட்பால் பத்தாவது நிமிடத்தில் நடந்திருந்தால் 80 நிமிடம் பத்துப் பேரோடு ஓட வேண்டும். குற்றம் ஒன்றுதான், ஆனால் கடிகாரம் ஓட ஓட அதன் தண்டனை குறைந்துகொண்டே வருகிறது. இந்த விதியில் உள்ள ஓட்டை இதுதான்.

*

வலைக்குப் பின்னால்:

கல்லூரிக் காலத்தில் நான் கோல்கீப்பர். அதனால் இதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு மண்டலப் போட்டியில் நான் கோலை விட்டு வெளியே வந்து பந்தைத் தவறவிட்டேன். கோட்டில் நின்ற என் அணிக்காரி கையால் தட்டிவிட்டாள். பெனால்டி. எதிரணிப் பெண் வெளியே அடித்தாள். அந்த ஒரு கோல் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம். அன்று இரவு விடுதியில் எங்களுக்குப் பிரியாணி. நான் சாப்பிட்டேன், மற்றவர்களைப் போலவே பாட்டுப் பாடினேன். ஆனால் பெனால்டியைத் தவறவிட்ட அந்தப் பெண் கோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை.

இந்த விதியில் எனக்குப் பிடிக்காதது இதுதான். தப்பு செய்தவர் ஒருவர், பாரம் இன்னொருவர் தலையில். கானாவில் 2010-ஐப் பற்றிப் பேச்சு வந்தால் சுவாரெஸ் பெயரும் கியான் பெயரும் சேர்ந்தே வருகின்றன. கியான் என்ன தப்பு செய்தார்? 2022 உலகக் கோப்பையில் இதே இரண்டு அணிகள் மோதிய ஆட்டத்துக்கு முன் செய்தியாளர்கள் கேட்டபோதுகூட, மன்னிப்புக் கேட்க மாட்டேன், பெனால்டியைத் தவறவிட்டது கானாக்காரர்தானே என்றுதான் சுவாரெஸ் சொன்னார். அவர் அப்படிப் பேச இடம் கொடுத்ததே இந்த விதிதான். கோலையே கொடுத்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

*

இடதுகால்:

அக்கா சொன்னது மனசைத் தொட்டது. ஆனாலும் ஒரு கேள்வி. 'நிச்சயமாகக் கோல்' என்று யார் முடிவு செய்வது? சாக்கர் சிட்டியில் அது தெளிவு, சரி. கோட்டுக்கு மூன்று கஜம் முன்னால் கையில் பட்டால்? கோல்கீப்பர் பாதி தூரம் பாய்ந்திருந்தால்? அப்புறம் அந்த ஃப்ரீ கிக்கே கொடுத்திருக்கக் கூடாது, இடையில் ஆஃப்சைடு வேறு இருந்தது என்று உருகுவேக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நடுவர் தன் கையால் கோல் எழுதிக்கொடுக்கும் ஆட்டமாகக் கால்பந்து ஆகிவிடக் கூடாது. பந்து கோட்டைத் தாண்டினால்தான் கோல். எனக்குக் கால்பந்தில் பிடித்ததே அந்த எளிமைதான்.

*

முட்டைப்பந்து:

ரக்பியில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். எதிரணி முறைகேடாகத் தடுக்காமல் இருந்திருந்தால் அநேகமாக டிரை (நம் கோல் மாதிரி) விழுந்திருக்கும் என்று நடுவர் நினைத்தால் பெனால்டி டிரை. உதைகூடத் தேவையில்லை, 7 புள்ளி நேராகக் கணக்கில் ஏறும். தடுத்தவருக்கு அட்டையும் உண்டு. கூடைப்பந்திலும் அப்படித்தான். கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிவிட்டால் கூடை விழுந்ததாகவே கணக்கு. அங்கெல்லாம் நடுவர் கையால் எழுதிக்கொடுக்கிறார் என்று யாரும் அழவில்லை.

*

பதினொன்றாம் எண்:

விதியை மாற்றுவது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் புரியும். ஐஃபேப் என்று ஓர் அமைப்பு. மொத்தம் 8 ஓட்டு. அதில் 4 ஃபிஃபாவுக்கு. மீதி 4 யாருக்கு? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, ஆளுக்கு ஒன்று. மாற்றம் வர 6 ஓட்டு வேண்டும். ஆட்டத்தைக் கண்டுபிடித்தோம் என்ற ஒரே காரணத்துக்காக வேல்ஸுக்கு ஒரு ஓட்டு, பிரேசிலுக்கு இல்லை, கானாவுக்கு இல்லை!

அதே 2010 உலகக் கோப்பையில், இந்த ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நடுவர் கோல் தரவில்லை. இங்கிலாந்து 4-1 என்று தோற்றது. அப்போதைய ஃபிஃபா தலைவர் பிளாட்டர் உடனே மன்னிப்புக் கேட்டார். 2012-ல், பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி, 2014 உலகக் கோப்பையில் கேமரா தயார். 4-1 என்று தோற்ற அணிக்காக இரண்டே வருடத்தில் விதி மாறியது. கடைசி நொடியில் அரையிறுதியை இழந்த கானாவுக்காக ஒரு எழுத்தும் மாறவில்லை. எனக்கு எரிவது இங்கேதான்.

*

இடதுகால்:

லாம்பார்டு விஷயத்தில் நடுவர் தவறு செய்தார், அதைச் சரிசெய்ய இயந்திரம் வந்தது. கானா ஆட்டத்தில் நடுவர் தவறே செய்யவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

*

பதினொன்றாம் எண்:

சரி, அந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதே என் பக்கம்தான் வந்து விழுகிறது. நடுவர் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் நடத்தியும் அநியாயம் நடந்தது என்றால், தப்பு நடுவரிடம் இல்லை, விதியிடம். அப்போது மாற்ற வேண்டியது எது?

*

மழைநாள் மைதானம்:

2022 உலகக் கோப்பையை யாரும் பேசாமல் இருப்பது எப்படி? டிசம்பர் 2, கத்தாரின் அல் ஜனூப் அரங்கம். 12 வருடம் கழித்து அதே இரண்டு அணிகள், குரூப்பின் கடைசி ஆட்டம். அன்று நான் இரண்டு போனில் இரண்டு ஆட்டத்தையும் ஓடவிட்டிருந்தேன், இன்னொன்றில் தென் கொரியா – போர்ச்சுகல்.

கானாவுக்கு 21-ஆவது நிமிடத்தில் பெனால்டி. உதைக்க வந்தவர் ஆந்த்ரே அயூ. 2010 அணியிலிருந்து மிச்சம் இருந்த ஒரே ஆள். அன்று காலிறுதியில் மஞ்சள் அட்டைத் தடையால் ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்து பார்த்தவர். மறுபடியும் பெனால்டி, மறுபடியும் உருகுவே. மெதுவாக உதைத்தார், உருகுவே கோல்கீப்பர் ரோசெட் தடுத்துவிட்டார். போனைக் கீழே வைத்துவிட்டேன். எடுத்தபோது உருகுவேயின் டி அராஸ்கயெட்டா இரண்டு கோல் போட்டிருந்தார். 2-0.

அதுவரை உருகுவே அடுத்த சுற்றில். சுவாரெஸை வெளியே எடுத்துவிட்டார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் 91-ஆவது நிமிடத்தில் கொரியாவின் சோன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, போர்ச்சுகல்காரர்கள் கால்களுக்கு நடுவே தள்ளிவிட, ஹ்வாங் ஹீ சான் கோல். கொரியா 2-1. புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம், அடித்த கோல் கொரியாவுக்கு 4, உருகுவேக்கு 2. உருகுவேக்கு இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும். ஏற்கனவே வெளியேறிவிட்ட கானா விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் கோல்கீப்பர் அட்டி ஜிகி பாய்ந்து பாய்ந்து தடுத்தார். தாங்கள் போகாவிட்டாலும் இவர்களைப் போகவிடக் கூடாது என்று கானா வீரர் அமார்ட்டி தன் ஆட்களிடம் சொன்னதாகப் பிறகு படித்தேன். உடம்பு சிலிர்த்தது.

சுவாரெஸ் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். 2010-லும் அப்படித்தான் மூடினார். இந்த முறை திரும்பிப் பார்க்கக் கம்பத்தில் பட்ட பந்து எதுவும் இல்லை. 2010-ல் இதே சுவாரெஸ் இரண்டு கோல் அடித்து ஊருக்கு அனுப்பியதும் கொரியாவைத்தான். உருகுவேயின் கவானி போகிற வழியில், நடுவர் வீடியோ பார்க்கும் விஏஆர் திரையைத் தள்ளிவிட்டுப் போனார். தோற்ற கானா ரசிகர்கள் ஜெயித்த மாதிரி ஆடினார்கள். நானும் ஆடினேன், மறைக்க என்ன இருக்கிறது.

*

இடதுகால்:

நான் ஆடவில்லை. 35 லட்சம் பேர்கூட இல்லாத நாடு, இரண்டு உலகக் கோப்பை வென்றது, ஒவ்வொரு முறையும் தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாடுகளோடு மல்லுக்கு நிற்கிறது. சுவாரெஸ் அந்த நாட்டுக்காக 69 கோல் அடித்தவர். அவருடைய கடைசி உலகக் கோப்பை அழுகையில் முடிந்ததைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கையை நான் ஆதரிப்பதும் இதனால்தான். தன் நாட்டுக்காகத் தன் அரையிறுதியை விட்டுக்கொடுத்த ஆள் அவர்.

*

சுழல்பந்து:

விட்டுக்கொடுத்தது வரைக்கும் சரி தம்பி. சுரங்க வழி வாசலில் குதித்தாரே, பிறகு மரடோனாவின் அந்தக் கைக்கு வைத்த பெயரை எடுத்து 'கடவுளின் கை இனி என்னுடையது' என்று பேசினாரே, அதுதான் என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை. தடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, பேசாமல் போயிருந்தால் நான் இன்றைக்கு உங்கள் பக்கம் எழுதிக்கொண்டிருப்பேன்.

*

இடதுகால்:

அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

*

வலைக்குப் பின்னால்:

எல்லாரும் சுவாரெஸையே சுற்றிவருகிறோம். கியானைப் பற்றி யாராவது எழுதுங்கள் என்று காத்திருந்தேன், வரவில்லை. நானே எழுதுகிறேன்.

அந்த உலகக் கோப்பையில் கியான் செர்பியாவுக்கு எதிராகப் பெனால்டியில் கோல் போட்டார், கானா 1-0. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெனால்டி, 1-1. அமெரிக்காவுக்கு எதிராக எக்ஸ்ட்ரா டைமில் வெற்றிக் கோல். கானா காலிறுதிக்கு வந்ததே அவர் காலால்தான். உலகக் கோப்பையில் மொத்தம் 6 கோல், வேறு எந்த ஆப்பிரிக்கரும் அத்தனை அடித்ததில்லை. இரண்டு வருடம் கழித்து ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதியில் ஜாம்பியாவுக்கு எதிராக இன்னொரு பெனால்டி தவறியது. இனிமேல் பெனால்டி உதைக்காதே என்று இறப்பதற்கு முன் அவருடைய அம்மா கேட்டுக்கொண்டாராம். ஒரு தாய் பிள்ளையிடம் கேட்கக்கூடியதா அது? எவ்வளவு பேச்சைக் கேட்டிருப்பார் அந்த அம்மா.

அடியாவையும் மறக்க வேண்டாம். முந்தின வருடம் எகிப்தில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையைக் கானா வென்றபோது 8 கோல் அடித்துச் சிறந்த வீரர் ஆனவர். தலையால் முட்டிய பந்தைக் கை தடுத்தது. ஷூட் அவுட்டில் உதைத்த பந்தை முஸ்லேரா தடுத்தார். ஒரே இரவில் ஒரு பையனுக்கு இரண்டு முறை.

கோல்கீப்பராக நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கம்பத்தில் அடித்து, நாட்டின் அரையிறுதியைக் கைநழுவவிட்டு, சில நிமிடம்கூட ஆகவில்லை. ஷூட் அவுட்டில் கானாவின் முதல் பெனால்டியை எடுக்க நடந்து வந்தது யார் என்று பார்த்தீர்களா? கியான். வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு மறுபடி நடந்து வந்தாரே, அந்த நடையைப் பார்க்கத்தான் நான் அந்த ஆட்டத்தைத் திரும்பப் போடுவேன்.

*

நள்ளிரவு ரசிகன்:

அக்கா, படித்ததும் எழுந்துபோய் அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டேன். 2010-ல் அந்த நேரத்தில் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், அதனால் அந்த உதையைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அதே கோல்கீப்பர். பந்தை மேல் மூலையில் சொருகினார். கம்பத்துக்கும் பந்துக்கும் இடையில் ஒரு கை அகலம் இருந்தால் அதிகம்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். மென்சா உதைத்துத் தவறவிடுவதை இன்று பார்க்க வேண்டாம்.